சென்னை ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கம்: ஒரு பொதுத் திடலின் வரலாறு

சென்னை ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கம் பெரியமேடு பகுதியில், சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் அமைந்துள்ள பல்நோக்கு விளையாட்டரங்கம். கால்பந்து, தடகளம் ஆகிய இரண்டும் இன்று இங்கு முதன்மையாக நடைபெறுகின்றன. சுமார் 40,000 பேர் அமரக்கூடியது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் தலைமை அலுவலகமும் இவ்வளாகத்திலேயே இயங்குகிறது.

இன்றைய அரங்கம் 1993-இல் கட்டப்பட்டது. ஆனால் அந்த இடத்தின் விளையாட்டு வரலாறு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ‘கார்ப்பரேஷன் ஸ்டேடியம்’ என்ற பெயரில் 1956 முதல் 1965 வரை ஒன்பது கிரிக்கெட் டெஸ்ட் போட்டிகள் இங்கு நடந்தன. இந்திய கிரிக்கெட்டின் சில முக்கியச் சாதனைகள் பிறந்த இடம் இது. சென்னையில் டெஸ்ட் கிரிக்கெட் என்றாலே சேப்பாக்கம் என்று எண்ணும் இன்றைய தலைமுறைக்கு இச்செய்தி வியப்பளிக்கலாம். பூங்காவாக இருந்த நிலம் கிரிக்கெட் திடலாகி, பின்னர் கால்பந்து, தடகள அரங்கமாக மாறிய வரலாற்றை இக்கட்டுரை விவரிக்கிறது.

பூங்காவிலிருந்து திடலுக்கு

அரங்கம் நிற்கும் நிலம் ஒரு காலத்தில் ‘பீப்பிள்ஸ் பார்க்’ எனப்பட்ட மக்கள் பூங்காவின் பகுதி. 1859-இல் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லஸ் டிரெவல்யன், நெரிசல் மிகுந்த கருப்பர் நகர மக்களுக்குக் காற்று வாங்கவும் பொழுது போக்கவும் ஓர் இடம் வேண்டும் என்று கருதி இப்பூங்காவைத் திட்டமிட்டார். நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் குளங்களும் நடைபாதைகளும் அமைந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருந்த விலங்குகளும் இங்கு கொண்டுவரப்பட்டன. பதம் செய்யப்பட்ட விலங்குகள் இருந்த அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், உயிருள்ள விலங்குகள் இருந்த பூங்காவை ‘உயிர்க் காலேஜ்’ என்றும் சென்னை மக்கள் அழைத்தனர்.

பூங்காவில் ஆண்டின் இறுதியில் நடைபெற்ற ‘பார்க் ஃபேர்’ என்னும் கண்காட்சி மிகவும் புகழ்பெற்றிருந்தது. 1886 டிசம்பர் 31 அன்று அங்கு ஏற்பட்ட தீ விபத்தில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். சென்னை நகரம் கண்ட பெரும் தீ விபத்துகளில் அதுவும் ஒன்று.

பொது நிலமாக இருந்ததாலேயே நகரத்தின் ஒவ்வொரு புதிய தேவைக்கும் இப்பூங்கா இடம் கொடுக்க நேர்ந்தது. 1880-களில் விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. 1900-இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. 1913-இல் மாநகராட்சியின் ரிப்பன் கட்டடம் நிறைவுற்றது. விளையாட்டுக்கும் ஒரு பகுதி ஒதுங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான தென்னிந்திய தடகளச் சங்கத்தின் மைதானம் ‘எஸ்.ஐ.ஏ.ஏ. திடல்’ என்று நகர மக்களிடையே பெயர் பெற்றது. அதே வட்டாரத்தில்தான் மாநகராட்சியின் விளையாட்டுத் திடலும் அமைந்தது.

இன்று பழைய பூங்காவின் எச்சமாக ரிப்பன் கட்டடத்தின் பின்புறமுள்ள மை லேடிஸ் பூங்காவைக் குறிப்பிடலாம். விலங்குகள் வண்டலூருக்கு மாற்றப்பட்டன. மூர் மார்க்கெட் 1985 மே மாதம் தீக்கிரையானது. அது இருந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் முனையம் உள்ளது. பூங்கா நிலத்தில் பெரும் திறந்தவெளி என்று சொல்ல எஞ்சியிருப்பது இந்த விளையாட்டரங்கின் புல்தரைதான்.

சேப்பாக்கமும் மாநகராட்சித் திடலும்

சென்னையில் கிரிக்கெட்டின் தாயகம் சேப்பாக்கம். 1846-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1860-களில் அங்கு குடியேறியது. அது ஐரோப்பியர்களுக்கான கிளப். இந்தியர்கள் அங்கு சமமாக நடத்தப்படாத நிலையில், புச்சிபாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். பின்னர் ஐரோப்பியர் அணிக்கும் இந்தியர் அணிக்கும் இடையே நடந்த மாகாணப் போட்டி, பொங்கல் காலத்துச் சென்னையின் அடையாளங்களில் ஒன்றாகவே மாறியது.

சென்னையின் முதல் டெஸ்ட் போட்டி 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடந்தது. இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியும் 1952 பிப்ரவரியில் அதே மைதானத்தில்தான் கிடைத்தது. எனினும் 1956-இல் டெஸ்ட் போட்டி மாநகராட்சித் திடலுக்கு வந்தது. மரங்கள் சூழ்ந்த கிளப் மைதானமாக இருந்த சேப்பாக்கத்தில் பெருங்கூட்டத்தை அமர்த்துவதற்கு ஏற்ற நிலையான கேலரிகள் அன்று இல்லை. மாநகராட்சித் திடலோ நகரத்தின் உடைமை. சென்ட்ரலுக்கும் பூங்கா ரயில் நிலையத்துக்கும் அருகில் இருந்ததால் வெளியூர் ரசிகர்களும் எளிதில் வந்து சேர முடிந்தது.

413 ஓட்டங்கள்

இத்திடலின் முதல் டெஸ்ட் போட்டி 1956 ஜனவரி 6 அன்று நியூசிலாந்துக்கு எதிராகத் தொடங்கியது. இந்தியாவின் தொடக்க ஆட்டக்காரர்களாக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் களமிறங்கினர். முதல் நாள் முழுவதும் விக்கெட்டே விழவில்லை. ஆட்ட நேர முடிவில் இந்தியா 234 ஓட்டங்கள் எடுத்திருந்தது. மறுநாள் ராய் 173 ஓட்டங்களில் ஆட்டமிழந்தபோது இணை 413 ஓட்டங்களைச் சேர்த்திருந்தது. மன்கட் 231 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியா ஒரு இன்னிங்ஸ் மற்றும் 109 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றது.

டெஸ்ட் கிரிக்கெட்டில் முதல் விக்கெட்டுக்கு எடுக்கப்பட்ட அதிகபட்ச ஓட்டங்கள் என்ற அந்தச் சாதனை 52 ஆண்டுகள் நிலைத்தது. 2008-இல் வங்கதேசத்தின் சட்டோகிராமில் தென்னாப்பிரிக்காவின் கிரேம் ஸ்மித்தும் நீல் மெக்கன்சியும் 415 ஓட்டங்கள் சேர்த்து அதை முறியடித்தனர். மன்கட்டின் 231 ஓட்டங்கள் டெஸ்ட் போட்டியில் இந்தியர் ஒருவரின் அதிகபட்ச ஓட்டமாக 1983 டிசம்பர் வரை இருந்தது. அதைக் கடந்தவர் சுனில் கவாஸ்கர். அவர் ஆட்டமிழக்காமல் 236 ஓட்டங்கள் எடுத்தது சேப்பாக்கத்தில். ஒரே நகரத்தின் ஒரு திடலில் பிறந்த சாதனை, மற்றொரு திடலில் முறியடிக்கப்பட்டது.

ஒன்பது டெஸ்ட் போட்டிகள்

1956 முதல் 1965 வரை நடந்த ஒன்பது டெஸ்ட் போட்டிகளில் இந்தியா இரண்டில் வென்றது, நான்கில் தோற்றது. மூன்று போட்டிகள் டிராவில் முடிந்தன. தோல்விகளில் மூன்று ஆஸ்திரேலியாவிடமும் ஒன்று மேற்கிந்தியத் தீவுகளிடமும் ஏற்பட்டவை.

1956 அக்டோபரில் வந்த ஆஸ்திரேலிய அணியில் ரிச்சி பெனோ முதல் இன்னிங்ஸில் 72 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளையும், ரே லிண்ட்வால் இரண்டாம் இன்னிங்ஸில் 43 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளையும் வீழ்த்தினர். 1959-இல் மேற்கிந்தியத் தீவுகள் 295 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றது. 1960-இல் மீண்டும் ஆஸ்திரேலியா. சென்னையைச் சேர்ந்த ஏ.ஜி. மில்கா சிங் அப்போட்டியில்தான் டெஸ்ட் அரங்கில் அறிமுகமானார்.

1961 பொங்கலையொட்டிப் பாகிஸ்தானுக்கு எதிரான போட்டி நடந்தது. சந்து போர்டே ஆட்டமிழக்காமல் 177 ஓட்டங்களும் பாலி உம்ரிகர் 117 ஓட்டங்களும் எடுத்தனர். பாகிஸ்தான் தரப்பில் இம்தியாஸ் அகமது 135 ஓட்டங்கள் எடுத்தார். போட்டி டிராவில் முடிந்தது. இவ்விரு நாடுகளும் சென்னையில் அடுத்த டெஸ்ட் போட்டியில் மோதியது 1980 ஜனவரியில்தான். அதற்குள் ஆட்டம் சேப்பாக்கத்துக்குத் திரும்பியிருந்தது.

இத்திடல் கண்ட மிகப் பெரிய வெற்றி 1962 ஜனவரியில் கிடைத்தது. நரி கான்ட்ராக்டர் தலைமையிலான இந்திய அணி இங்கிலாந்தை 128 ஓட்டங்கள் வித்தியாசத்தில் தோற்கடித்தது. மன்சூர் அலிகான் பட்டோடி தனது முதல் டெஸ்ட் சதத்தை இங்கு அடித்தார். சலீம் துரானி போட்டியில் பத்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். முந்தைய கல்கத்தா போட்டியையும் வென்றிருந்த இந்தியா 2-0 என்ற கணக்கில் தொடரைக் கைப்பற்றியது. இங்கிலாந்துக்கு எதிராக இந்தியா வென்ற முதல் டெஸ்ட் தொடர் இது. அத்தொடர் முடிவானது இன்றைய நேரு விளையாட்டரங்கம் இருக்கும் இடத்தில்.

நட்கர்னியின் 21 மெய்டன்கள்

1964 ஜனவரி 10 அன்று இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கிய போட்டியில் விக்கெட் காப்பாளர் புதி குந்தரன் 192 ஓட்டங்கள் எடுத்தார். ஆனால் அப்போட்டி நினைவுகூரப்படுவது ஒரு பந்துவீச்சாளருக்காக. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் பாபு நட்கர்னி, பிரையன் போலஸ், கென் பாரிங்டன் இருவருக்கும் எதிராக அடுத்தடுத்து 21 மெய்டன் ஓவர்களை வீசினார். தொடர்ந்து 131 பந்துகளில் ஓர் ஓட்டம்கூட எடுக்கப்படவில்லை. அந்த இன்னிங்ஸில் அவருடைய கணக்கு: 32 ஓவர்கள், 27 மெய்டன்கள், 5 ஓட்டங்கள், விக்கெட் இல்லை.

விக்கெட் எதுவும் எடுக்காத ஒரு பந்துவீச்சு அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் பேசப்படுவது அரிது. அதே நட்கர்னி அதே ஆண்டு அக்டோபரில் இத்திடலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அப்போட்டியில் பட்டோடி ஆட்டமிழக்காமல் 128 ஓட்டங்கள் எடுத்தார். இருந்தும் இந்தியா 139 ஓட்டங்கள் வித்தியாசத்தில் தோற்றது. பதினொரு விக்கெட்டுகளைக் காட்டிலும் அந்த 21 மெய்டன்களே ரசிகர்களின் நினைவில் நிலைத்தன.

கிரிக்கெட் விடைபெறுதல்

1965 பிப்ரவரி இறுதியில் தொடங்கிய நியூசிலாந்துக்கு எதிரான போட்டி டிராவில் முடிந்தது. இத்திடலின் கடைசி டெஸ்ட் போட்டி அதுவே. 1967 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தபோது ஆட்டம் சேப்பாக்கத்தில் நடந்தது. அங்கு நிரந்தர அரங்கம் எழுந்தது. பின்னர் அதற்கு எம்.ஏ. சிதம்பரம் பெயர் சூட்டப்பட்டது. சென்னை கிரிக்கெட்டின் நினைவுகள் அனைத்தும் மெல்ல மெல்ல அந்த அரங்கத்தின் கணக்கில் சேர்ந்தன. மன்கட், ராய் இணையின் 413 ஓட்டங்களும் சேப்பாக்கத்தில் எடுக்கப்பட்டவை என்று நம்புவோர் இன்றும் உண்டு.

மாநகராட்சித் திடல் நேருவின் பெயரால் ‘நேரு ஸ்டேடியம்’ என்று அழைக்கப்பட்டது. கிரிக்கெட் போன பின்பு கால்பந்தும் தடகளமும் தொடர்ந்தன. நகரத்தின் கால்பந்து லீக் ஆட்டங்களைப் பல தலைமுறை ரசிகர்கள் இங்குதான் பார்த்தனர். வடசென்னையின் தெருக்களிலிருந்து வந்த வீரர்களுக்கு இதுவே நகரத்தின் பெரிய களம்.

1993: புதிய அரங்கம்

1992-இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் உருவாக்கப்பட்டது. அதையடுத்து, முதலமைச்சர் ஜெயலலிதாவின் முதல் ஆட்சிக் காலத்தில் இத்திடல் முற்றிலும் புதிதாகக் கட்டப்பட்டது. பணி 260 நாட்களில் முடிந்ததாகக் குறிப்பிடப்படுகிறது. 1993-இல் நேரு தங்கக் கோப்பை சர்வதேசக் கால்பந்துப் போட்டி சென்னையில் நடைபெற்றது. 1995 டிசம்பரில் தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டுப் போட்டிகளைச் சென்னை நடத்தியது. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், பூட்டான், மாலத்தீவு ஆகிய ஏழு நாடுகள் பங்கேற்றன. அதே வளாகத்தில் உள்விளையாட்டரங்கமும் அமைந்தது. 2022 ஜூலை 28 அன்று 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா நடந்தது அந்த உள்ளரங்கில்தான்.

1993-இல் மாறியது கட்டடம் மட்டுமல்ல, திடலின் வடிவமே மாறியது. பல்நோக்கு அரங்கம் என்றால் எல்லா விளையாட்டுக்கும் இடமுண்டு என்று பொருள்படுவது போலத் தோன்றும். உண்மையில் ஒரு விளையாட்டுக்கு வேண்டிய அளவு மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை.

சர்வதேசத் தரமுள்ள 400 மீட்டர் ஓடுதளத்தின் நேர்ப்பகுதி 84.39 மீட்டர் நீளமும், வளைவு 36.5 மீட்டர் ஆரமும் கொண்டது. எனவே ஓடுதளத்தின் உட்பகுதி 73 மீட்டர் அகலமும் ஏறத்தாழ 157 மீட்டர் நீளமும் உடையதாக இருக்கும். 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட கால்பந்து மைதானம் இதனுள் கச்சிதமாக அடங்கும். கிரிக்கெட் அடங்காது. நடுவில் ஆடுகளம் அமைத்தால் அகலவாக்கில் எல்லைக்கோடு 36 மீட்டர் தொலைவிலேயே வந்துவிடும். சர்வதேச ஆட்டத்துக்கு அது ஏறத்தாழ 60 மீட்டராவது இருக்க வேண்டும். செயற்கை ஓடுதளத்தை ஆட்டத்துக்கு ஆட்டம் எடுத்து வைக்கவும் முடியாது. கிரிக்கெட் ஆடுகளத்துக்கு வேண்டிய இறுகிய களிமண்ணோ கால்பந்து வீரர்களின் முழங்கால்களுக்கு ஆகாது. ஆக, ஓடுதளம் போடப்பட்ட அன்றே இத்திடலுக்குக் கிரிக்கெட் திரும்பும் வழி அடைபட்டது.

கால்பந்துக்கும் இதில் ஒரு இழப்பு உண்டு. ஓடுதளம் இடையில் இருப்பதால் பார்வையாளர் மைதானத்திலிருந்து தள்ளியே அமர வேண்டியிருக்கிறது. கால்பந்துக்கென்றே கட்டப்பட்ட அரங்குகளில் கிடைக்கும் நெருக்கம் இங்கு கிடைப்பதில்லை. ஆனால் அந்த ஓடுதளம் இல்லையென்றால் நகரின் பள்ளி, கல்லூரி தடகள வீரர்களுக்கு நகர மையத்தில் பயிற்சி செய்ய இப்படியொரு இடம் கிடைக்காது.

கால்பந்து லீக் காலம்

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது, புதிதாக உருவான சென்னையின் எஃப்.சி. அணிக்கு இது சொந்த மைதானமானது. இத்தாலியின் உலகக்கோப்பை வீரர் மார்கோ மத்தராத்சி முதல் பயிற்றுநராக வந்தார். பிரேசிலின் எலானோ முதல் பருவத்தில் லீக்கிலேயே அதிக கோல்கள் அடித்தார்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளம் நகரை முடக்கியபோது அணிக்குப் பெரும் சோதனை வந்தது. அரையிறுதியின் சொந்த மைதான ஆட்டத்தைச் சென்னையில் நடத்த முடியவில்லை. அது புனேக்கு மாற்றப்பட்டது. அங்கு கொல்கத்தா அணியை 3-0 என்று வென்ற சென்னையின் எஃப்.சி., கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் கோவா அணியை 3-2 என்று வென்று முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. தண்ணீரில் தத்தளித்த நகரத்துக்கு அந்த வெற்றி ஆறுதலாக அமைந்தது. 2017–18 பருவத்திலும் அணி கோப்பையை வென்றது.

தடகளமும் தொடர்ந்தது. 2022 ஜூனில் மாநிலங்களுக்கு இடையிலான தேசிய தடகளப் போட்டி இங்கு நடந்தது. 2024 ஜனவரி 19 அன்று கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் சென்னையில் தொடங்கின. சென்னையுடன் மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்களிலும் போட்டிகள் நடைபெற்றன. தமிழ்நாடு 38 தங்கம் உட்பட 98 பதக்கங்களுடன் இரண்டாம் இடம் பெற்றது.

விளையாட்டுக்கு அப்பால்

நகர மையத்தில் உள்ள பெரிய திடலுக்கு விளையாட்டு அல்லாத வேலைகளும் வந்து சேரும். அவற்றில் மறக்க முடியாதது 2021 மே மாதம் நிகழ்ந்தது. கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில் ரெம்டெசிவிர் மருந்துக்குக் கடும் தட்டுப்பாடு நிலவியது. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் நடந்துவந்த விற்பனையில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போகவே, விற்பனை நேரு விளையாட்டரங்குக்கு மாற்றப்பட்டது. மருத்துவரின் சீட்டைக் கையில் பிடித்தபடி நோயாளிகளின் உறவினர்கள் அங்கும் நீண்ட வரிசையில் காத்து நின்றனர். ஓரிரு நாட்களிலேயே அம்முறை கைவிடப்பட்டு, மருந்து நேரடியாக மருத்துவமனைகளுக்கு வழங்கப்பட்டது. ஆட்டம் பார்க்க மக்கள் வரிசையில் நிற்கும் வாயில்களில், உயிர் காக்கும் மருந்துக்காக வரிசை நின்ற நாட்கள் அவை.

வரலாற்று முக்கியத்துவம்

டிரெவல்யன் மக்களுக்காக ஒதுக்கிய நிலத்தில் ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டியதைக் கட்டிக்கொண்டது. மண்டபம், சந்தை, மாநகராட்சிக் கட்டடம், ரயில் முனையம் என்று பூங்கா சுருங்கிக்கொண்டே வந்தது. விளையாட்டுத் திடல் மட்டும் பெயரும் வடிவமும் மாறியும் திறந்தவெளியாகவே நீடித்தது. ஓர் ஆட்டத்துக்கு மட்டும் உரியதாக இல்லாமல், காலத்துக்குத் தக்கபடி மாறிக்கொண்டதும் அது பிழைத்ததற்கு ஒரு காரணம் எனலாம்.

அந்த மாற்றத்துக்கு ஒரு விலையும் இருந்தது. ஒரே ஆட்டத்துக்கான மைதானங்கள் தம் நினைவுகளைத் தாமே காத்துக்கொள்கின்றன. சேப்பாக்கத்தில் இன்றும் கிரிக்கெட் நடப்பதால் அதன் பழைய ஆட்டங்கள் ஒவ்வொரு போட்டியின்போதும் நினைவுகூரப்படுகின்றன. நேரு விளையாட்டரங்கில் கால்பந்து பார்க்க வருபவருக்கு மன்கட்டையோ நட்கர்னியையோ நினைவூட்ட ஆட்டத்தில் எதுவும் இல்லை. டெஸ்ட் போட்டி நடந்த அந்தத் தரையின் மீது இன்று கோல் கம்பங்களும் ஓடுதளமும் உள்ளன.

எனவே சென்னையின் விளையாட்டு வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் இரண்டு திடல்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இந்தியா முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது சேப்பாக்கத்தில். இங்கிலாந்துக்கு எதிராக முதல் தொடரை வென்று முடித்தது பெரியமேட்டில். இரண்டாவதன் தடயம் களத்தில் இல்லை. பதிவேடுகளில் ‘கார்ப்பரேஷன் ஸ்டேடியம், மெட்ராஸ்’ என்று மட்டும் இருக்கிறது.